கடக்கால் தோண்டாமல் தோட்டத்து செட்: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் காய்கறித் தோட்டத்தில் 8-க்கு 6 அடி அளவில் ஒரு மரச் செட் இருக்கிறது. ஒன்பது வருடமாக ஆறு கல்லின் மேல்தான் நிற்கிறது. கடக்கால் (அஸ்திவாரக் குழி) கிடையாது, கான்கிரீட் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தவர்கள் கேட்டார்கள், அப்புறம் குன்னூரிலிருந்து கேட்டார்கள், கொடைக்கானலில் பூண்டு போடும் உறவினர்கள் கேட்டார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்தால் நிதானமாகப் படிக்கலாம் என்று இதைத் தொகுத்தேன்.

இங்கே சொல்வதெல்லாம் மண்வெட்டி, உரமூட்டை, மருந்தடிக்கும் மெஷின் வைக்கிற சின்னச் செட்டுக்கு மட்டும். 10-க்கு 8 அடியைத் தாண்டினாலோ, உள்ளே ஆள் படுப்பதாக இருந்தாலோ, மாடு கட்டுவதாக இருந்தாலோ முறையான அஸ்திவாரம் போடுங்கள்.

கடக்கால் இல்லாம செட் நிக்குமாங்க? பாரம் தாங்குமா?

தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மரச்சட்டம், பலகை, தகரக் கூரை எல்லாம் சேர்த்து 8-க்கு 6 அடி செட் 350 கிலோ பக்கம் வரும். எட்டு உரமூட்டை 400 கிலோ. சாமான்களும் உள்ளே நிற்கிற இரண்டு பேரும் சேர்ந்தால் மொத்தம் ஒரு டன். ஆறு கல்லில் நடுவில் இருக்கும் இரண்டும் ஆளுக்கு 250 கிலோ சுமக்கும், மூலைக் கல் நான்கும் அதில் பாதி சுமக்கும்.

16-க்கு 8 அங்குல சிமென்ட் கல்லின் அடிப்பரப்பில் அந்த 250 கிலோ இறங்கினால், சதுர மீட்டருக்கு 3 டன் என்று வருகிறது. இறுகிய செம்மண் 10 டன் தாங்கும் என்று பொதுவாகக் கணக்கில் கொள்வார்கள். ஆக, பாரத்தை நினைத்து யாரும் தூக்கம் கெட வேண்டாம். மலையில் செட்டைக் கெடுப்பவை தண்ணீரும் காற்றும்தான். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த இரண்டைப் பற்றித்தான்.

ரெண்டடி தோண்டி கான்கிரீட் போட்டா நிம்மதிதானே? ஏன் வேண்டாங்கறீங்க?

சமவெளியில் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே சரிவில் குழி வெட்டினால், மேலேயிருந்து மண்ணுக்குள் ஊறி வரும் தண்ணீர் அந்தக் குழியைத் தேடி வருகிறது. நம் மலைச் செம்மண் ஆழமானது. பாறை உளுத்து மண்ணானது. காய்ந்திருக்கும்போது கடப்பாரைக்கே மசியாது, தண்ணீர் ஏறினால் குழைந்துவிடும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு சின்னச் செட்டுக்காகச் சரிவின் அடியை வெட்டுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

தோண்டினால் மர வேர் அறுபடும் என்பது அடுத்த காரணம். குத்தகை நிலத்தில் கான்கிரீட் போட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பது இன்னொன்று.

எத்தனை கல் வேணும், எந்தக் கல் வாங்கறது?

8 அடி நீளத்தில் இரண்டு உத்திரம், ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று கல். ஆக ஆறு இடம், இடைவெளி 4 அடிக்குள். உத்திரம் 4-க்கு 3 அங்குலம் போதும். அதன் குறுக்கே 4-க்கு 2 சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டு, மேலே பலகை அடித்தால் தளம் தயார்.

கல்லுக்கு 8 அங்குல சாலிட் பிளாக் (துளையில்லாத சிமென்ட் கல்) வாங்குங்கள். ஒன்று 35 கிலோ பக்கம் இருக்கும், ஒருவர் தூக்கி வைக்கலாம். ஹாலோ பிளாக் வேண்டாம் என்பது என் பிடிவாதம். அதைப் படுக்க வைத்தால் துளை பக்கவாட்டில் வந்து, பாரம் மெல்லிய சுவரில் இறங்கி ஒருநாள் உடையும். கையில் ஹாலோ பிளாக்தான் இருக்கிறது என்றால் துளை மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, உள்ளே கான்கிரீட் நிரப்பி விடுங்கள். பழைய கருங்கல் கிடைத்தால் இன்னும் நல்லது, மேலும் கீழும் தட்டையாக இருந்தால் போதும்.

கல்லை அப்படியே புல்லு மேல வெச்சிடலாமா?

வைக்கக்கூடாது. மேலே இருக்கும் கறுப்பு மண் இலைதழை மக்கிய மண். காய்கறிக்கு அதுதான் தங்கம், கல்லுக்கு அது பஞ்சு மெத்தை. கல் வைக்கும் இடத்தில் மட்டும் 2-க்கு 2 அடிச் சதுரமாக, செம்மண் தெரியும் வரை வழித்தெடுங்கள். நாலிலிருந்து ஆறு அங்குலத்தில் தெரிந்துவிடும். அங்கே முக்கால் அங்குல ஜல்லியை இரண்டு அங்குலம் பரப்பித் திமிசு போடுங்கள் (கட்டையால் இடித்து இறுக்குங்கள்), மேலே இன்னொரு இரண்டு அங்குலம் பரப்பி மறுபடி திமிசு போடுங்கள். நாலு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேலே இறுகும், அடியில் தளர்ந்தே கிடக்கும்.

திமிசு போடும்போது சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் ‘சரக் சரக்’ என்று ஜல்லி நகரும். இறுகிவிட்டால் ‘டொம்’ என்று கேட்கும், கட்டை கையில் திருப்பி அடிக்கும். அதற்குமேல் இடிக்க வேண்டியதில்லை.

ஜல்லி எதற்கென்றால், கல்லுக்கு அடியில் தண்ணீர் தேங்கவிடாமல் வடிப்பதற்கு. அந்த இடத்தில் மணல் போட்டால் ஒரே மழையில் அரித்துக்கொண்டு போய்விடும்.

மேல்மண்ணை வழிக்கறதும் தோண்டறதுதானே?

சொல்லப்போனால் ஆமாம். ஆனால் ஆறு அங்குலம் வழிப்பதற்கும் இரண்டடிக் குழி வெட்டுவதற்கும் மண்ணைப் பொறுத்தவரை நிறைய வித்தியாசம் உண்டு. வழித்த இடத்தை ஜல்லியால் உடனே நிரப்பிவிடுகிறோம், சரிவின் உடம்பில் கை வைப்பதில்லை. வழித்த கறுப்பு மண்ணைப் பாத்தியில் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணு இறுகியிருக்கான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?

முழங்கை நீளத்துக்கு 12 மி.மீ. கம்பி ஒன்று எடுங்கள். மழை பெய்த மறுநாள், கறுப்பு மண்ணை வழித்த இடத்தில் உடம்புப் பாரத்தைக் கொடுத்துக் கையால் அழுத்துங்கள். இரண்டு மூன்று அங்குலத்தில் நின்றுவிட்டால் நல்ல மண். ஒரு சாண் இறங்கினால் இன்னும் வழிக்க வேண்டும், அல்லது கல்லுக்கு அடியில் 2-க்கு 2 அடி சிமென்ட் பலகை (ஸ்லாப்) ஒன்றை வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். முதல் பதிலில் சொன்ன 3 டன், பலகை வைத்தால் முக்கால் டன்னுக்குக் கீழே வந்துவிடும். கம்பி முழுதாக உள்ளே போனால் அது கொட்டிய மண். இடத்தை மாற்றுங்கள்.

எங்க இடம் நல்ல சரிவுங்க. கீழ்ப்பக்கம் கல்லை அடுக்கி உயரம் பண்ணிக்கலாமா?

ஓரளவுக்குத்தான். செட்டின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் ஒன்றரை அடிக்குள் வித்தியாசம் இருந்தால், கீழே இரண்டு வரிசைக் கல் கூடுதலாக வைத்துச் சமாளிக்கலாம். அடுக்கும்போது ஜோடி ஜோடியாக, கீழ் வரிசை நெட்டுக்கு என்றால் மேல் வரிசை குறுக்காக வரும்படி வையுங்கள். அதற்கு மேல் உயரமென்றால் கல்லடுக்கு ஆடும். அப்போது ஜி.ஐ. பைப்பில் கால் செய்து, அடியில் பேஸ் பிளேட் வைத்து, காலுக்குக் கால் குறுக்குச் சட்டம் பூட்டச் சொல்லி வெல்டரிடம் கொடுங்கள். இரண்டரை அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் அங்கே இந்த முறையே வேண்டாம்.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன். இப்போது இருக்கிற செட் என்னுடைய இரண்டாவது செட். முதலாவதை, மேல் பாத்தியை வெட்டிக் கீழே தள்ளிய மண்ணின் மேல் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகான சமதளம்! ஐப்பசி மழையில் ஒரு காலை கதவைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. கடப்பாரையால் நெம்பித் திறந்தேன். கீழ்ப்பக்கத்து மூலை மூன்று அங்குலம் இறங்கி, கதவு நிலை கோணிப்போயிருந்தது. அந்த மூலை உத்திரத்தை அழுத்திப் பார்த்தேன், கட்டை விரல் நகம் முழுதும் மரத்துக்குள் போனது. அங்கே மரம் மண்ணைத் தொட்டு ஊறிக் கிடந்திருக்கிறது. வெட்டிய மண்ணில் வையுங்கள், கொட்டிய மண்ணில் வைக்காதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் நான் சொல்வது அதனால்தான். படித்தட்டின் விளிம்பிலிருந்தும் நாலடி தள்ளி வையுங்கள்.

மரங்கள் சாய்ந்து நிற்கிற இடம், மண்ணில் விரிசல் ஓடியிருக்கிற இடம், மழைக்குப் பின் புதிதாக ஊற்று வருகிற இடம், இங்கெல்லாம் எந்த முறையிலும் எதுவும் கட்டாதீர்கள்.

மழைத் தண்ணி அடியில போனா பரவாயில்லையா?

மேலேயிருந்து விழுவது ஓடிவிடும், பரவாயில்லை. சரிவிலிருந்து வழிந்து வருவதுதான் ஜல்லியை அரிக்கும். செட்டுக்கு மேல்பக்கம் மூன்றடி தள்ளி, அரையடி ஆழத்தில் ஒரு கான் (தண்ணீர் வடிகிற வாய்க்கால்) வெட்டி, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கான் வெட்டச் சொல்லித்தர வேண்டாம்.

கூரைத் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். கூரை 9-க்கு 7 அடி இருந்தால், ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழைக்கு 580 லிட்டர் விழும். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மழைக்கு இதே கூரையிலிருந்து 4,600 லிட்டருக்கு மேல் வந்திருக்கும். கூரை ஓரத்தில் பாதியாக அறுத்த பி.வி.சி. பைப்பை மாட்டி, தண்ணீரை டிரம்மிலோ கானிலோ விடுங்கள். இல்லாவிட்டால் சொட்டுகிற கோட்டில் பள்ளம் விழுந்து, அது கல்லை நோக்கி நகர்ந்து வரும்.

கட்டுவதற்கு முன் ஒரு நல்ல மழையில் குடையோடு அந்த இடத்தில் கால்மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மண்ணே காட்டிவிடும். கட்டுவது ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் இருக்கட்டும்.

மட்டம் எப்படிப் பார்க்கறது? ரசமட்டம் போதுமா?

எட்டு அடிக்கு நேரான ரீப்பர் கட்டை மேல் ரசமட்டத்தை வைத்தும் பார்க்கலாம், ஆனால் டியூப் மட்டம்தான் (தண்ணீர் நிரப்பிய குழாயில் பார்ப்பது) சரியாக வரும். உயரமான இடத்துக் கல்லை முதலில் வையுங்கள், மற்ற ஐந்தையும் அதற்குச் சமமாக ஏற்றுங்கள். குறுக்கே மூலைக்கு மூலை அளந்தால் இரண்டும் 10 அடியாக இருக்க வேண்டும். 8-க்கு 6 அளவில் இது ஒரு வசதி.

வெளிநாட்டு வீடியோவுல உறைபனிக்காக மூணடி நாலடி தோண்டறாங்க. ஊட்டியிலயும் உறைபனி விழுதே?

நல்ல கேள்வி, நிறையப் பேர் இதில் பயந்துவிடுகிறார்கள். அந்த நாடுகளில் மாதக்கணக்கில் குளிர் இறங்கி, மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரே அடிக்கணக்கில் உறைந்துபோகிறது. தண்ணீர் பனிக்கட்டியானால் 9 சதவீதம் பெருக்கும். அதோடு கீழேயிருந்து ஈரத்தை இழுத்து அடுக்கடுக்காக வளர்ந்து, அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். அதனால் உறையும் ஆழத்துக்குக் கீழே போகிறார்கள்.

நம் ஊரில் தலைக்குந்தா, காந்தல் பள்ளங்களில் டிசம்பர், ஜனவரியில் புல் வெள்ளையாகிறது. வெயில் ஏறியதும் உருகிவிடுகிறது. மேல் தோலோடு சரி, மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை. நமக்கு உறைபனிக்காகத் தோண்ட வேண்டிய அவசியம் இல்லை.

காத்துல தூக்கிட்டுப் போயிடாதா?

கட்டி வைக்காவிட்டால் போகும். தோண்டாமல் வைத்த செட்டில் நான் உண்மையிலேயே பயப்படுவது இதற்குத்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் 47 கிலோ அழுத்தம் கொடுக்கும். 9-க்கு 7 அடிக் கூரைக்கு அது 275 கிலோ. கதவு திறந்து கிடந்து உள்ளேயும் காற்று புகுந்தால் அத்தனையும் மேல்நோக்கித் தூக்கலாம். 350 கிலோ மரச் செட் தப்பித்தாலும், ஆங்கிளும் தகரமுமாக 120 கிலோவில் செய்த செட் தப்பிக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையில் அடித்துவிட்டுக் கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. புயல் கடற்கரைக்காரர்களின் கவலை என்று நினைக்காதீர்கள்.

நான் செய்வது இப்படி: நாலு மூலையிலும் 20 மி.மீ. கம்பியில் மூன்றடி முளை. செங்குத்தாக அடித்தால் வந்த வழியே உருவிக்கொண்டு வரும். முளையின் தலை செட்டைவிட்டு வெளியே சாய்ந்தும், நுனி செட்டுக்கு அடியை நோக்கியும் இருக்கும்படி சாய்வாக அடித்து, தலையிலிருந்து உத்திரத்துக்கு ஜி.ஐ. கம்பிக் கயிறு போட்டு டர்ன்பக்கிளால் (கயிறைத் திருகி இழுக்கும் இரும்புக் கொக்கி) இறுக்குகிறேன். பாறை தட்டி முளை இறங்காத இடத்தில், கம்பி வலைக் கூடையில் ஐம்பது ஐம்பது கிலோவாகக் கருங்கல்லை நிரப்பி, நாலு மூலையிலும் தளச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடலாம்.

தளத்தை மட்டும் கட்டிவிட்டுக் கூரையை ஆணியோடு விட்டவர்கள் உண்டு. தளம் அங்கேயே இருந்தது, கூரை அடுத்த தோட்டத்தில் கிடந்தது. கூரைச் சட்டம், சுவர்ச் சட்டம், உத்திரம் மூன்றையும் இரும்புப் பட்டையால் தொடர்ச்சியாகப் பிணையுங்கள். தகரத்துக்கு வாஷரோடு ஸ்க்ரூ போடுங்கள்.

எந்த மரம் போடலாம்? கறையான் ஏறாதா?

சைப்ரஸ் கிடைத்தால் அதுதான் என் முதல் விருப்பம். காய்ந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நன்றாக உழைக்கும், பச்சையாக வாங்கினால் முறுக்கிக்கொள்ளும். சில்வர் ஓக் உள்சுவருக்குச் சரி, உத்திரத்துக்கு வேண்டாம், ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். உங்கள் நிலத்து மரமே ஆனாலும் வெட்டுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் பழைய லாரி டியூபை வெட்டி வையுங்கள். உத்திரத்தின் அகலத்தைவிட ஒரு நூல் குறைவாக வெட்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த உதட்டில் தண்ணீர் தேங்கி மரத்தையே ஊறவைக்கும்.

கறையானைப் பொறுத்தவரை, தரையிலிருந்து உயர்த்தி வைத்த செட்டுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. கறையான் ஏறினால் கல்லின் மேல் மண் கோடு போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்து, கோடு இருந்தால் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். கழிவு ஆயில் பூசச் சொல்வார்கள். பக்கத்திலேயே காய்கறிப் பாத்தி இருக்கும்போது அதை மண்ணில் சொட்டவிட வேண்டாம்.

அடியில எலி, பாம்பு குடியிருக்குமே? காட்டுப்பன்னி தோண்டாதா?

சுற்றிலும் அரை அங்குல வெல்ட் மெஷ் (இரும்புக் கம்பி வலை) அடியுங்கள். கீழ்நுனியை மண்ணில் புதைக்க வேண்டாம், ஓரடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவிட்டு மேலே கல் அடுக்குங்கள். தோண்ட வருகிற எலியும் பன்றியும் அந்த மடிப்பில் முட்டித் திரும்பிவிடும். காற்றும் வெளிச்சமும் போய்வரும். பலகை வைத்து அடைத்தால் ஈரம் தங்கும்.

கரடிக்கு வலை ஒன்றுமே இல்லை. கடலைப் புண்ணாக்கு, வெல்லம், எண்ணெய் எதையும் செட்டில் வைக்காதீர்கள், வாசனைக்குக் கதவையே பெயர்த்துவிடும். காட்டெருமை நடக்கிற தடத்தில் செட்டை வைக்காதீர்கள். ஆயிரம் கிலோ உடம்பு முதுகு சொறிய மூலையில் உரசினால், முதல் பதிலில் போட்ட கணக்கெல்லாம் போச்சு.

ஒரு மூலை இறங்கிடுச்சுங்க. பிரிச்சுக் கட்டணுமா?

வேண்டாம். முதலில் செட்டைக் காலி செய்யுங்கள். அந்த மூலை முளையின் கயிறைத் தளர்த்துங்கள், இதை மறந்துவிட்டுத் தூக்கினால் சட்டம் பிளக்கும். கல்லுக்குப் பக்கத்தில் கெட்டியான பலகை போட்டு, அதன் மேல் கார் ஜாக்கி வைத்து, உத்திரத்தை அரை அங்குலம் அரை அங்குலமாகத் தூக்குங்கள். கல்லை எடுத்து, ஜல்லி சேர்த்து, திமிசு போட்டு, மறுபடி வையுங்கள். கால் அங்குலம்தான் குறை என்றால் உத்திரத்துக்கு அடியில் இரும்புத் தகடு செருகினால் போதும். ஓட்டுச் சில்லு செருகாதீர்கள், நொறுங்கிவிடும். ஜாக்கியில் நிற்கும்போது யாரும் அடியில் கையை விடக்கூடாது, பக்கத்தில் ஒரு கல்லை அணையாக வைத்துக்கொண்டே வேலை பாருங்கள்.

அடுத்த மழைக்கே மறுபடி இறங்கினால் குறை கல்லில் இல்லை. கானைப் போய்ப் பாருங்கள், எங்கோ அடைத்திருக்கும்.

செட்டு மேல ஒரு 500 லிட்டர் தண்ணித் தொட்டி வெச்சுக்கலாமா?

வைக்கக்கூடாது. அரை டன் உயரத்தில் ஏறி ஒரே பக்கம் உட்காரும். தொட்டிக்குத் தனியாகக் கல்மேடை கட்டுங்கள்.

தோண்டலைன்னா பர்மிஷன் தேவையில்லைதானே?

அப்படி நினைத்துவிடாதீர்கள். மலை ஊர்களுக்கு 1993-லிருந்து தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன, அஸ்திவாரம் இல்லை என்பது மட்டும் விலக்கு ஆகாது. அளவும் இடமும் குறித்த ஒரு படம் வரைந்துகொண்டு ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இடத்தைச் சமன் செய்ய ஜே.சி.பி. கொண்டுவருவதற்கும் நீலகிரியில் தனி அனுமதி வேண்டும். இந்தச் செட்டுக்கு மண்வெட்டியே போதும் என்பதால் அந்தக் கேள்வி எழாது.

குத்தகை முடிஞ்சா செட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போகலாமா?

போகலாம், அதற்கு முதலிலிருந்தே ஆணிக்குப் பதில் போல்ட் போட்டிருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சட்டத்திலும் பெயின்டால் எண் எழுதிவிடுங்கள். முதலில் கூரை, அப்புறம் கதவு, சுவர், தளம், கடைசியாக முளைக் கயிறு. சென்ற வருடம் ஒரு அக்காவின் செட்டை மூன்று பேர் சேர்ந்து காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் பிக்கப்பில் ஏற்றிவிட்டோம். கல்லையும் எடுத்துக்கொண்டோம். ஆறு சதுரம் ஜல்லி மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் வாரி, மேலே கறுப்பு மண்ணைப் போட்டு, அந்த அக்கா போகிறபோது முள்ளங்கி விதை தூவிவிட்டுப் போனார்.